மார்வா ஒதுக்கி வைத்த ஐம்பது தோட்டா

ராய்ஸிடம் பதினொரு துப்பாக்கிகள் இருந்தன. மூஸ் மானுக்கு ஒன்று, கரடிக்குப் பயந்து ஒன்று. மீதி ஒன்பதும் பாயிண்ட் டூ டூ. சுண்டு விரலின் முதல் கணு அளவே இருக்கும் தோட்டாவைப் போட்டுச் சுடுகிற அந்தச் சின்னச் சாமான்கள்மேல்தான் அவனுக்கு உயிர். நெடுஞ்சாலையில் பனி வாரும் வண்டிகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பான். எந்தப் பிஸ்டல் எந்த வருடம் செய்தது, எதன் விசை எவ்வளவு இழுத்தால் விடும் என்று யாராவது கேட்டுவிட்டால் காபி ஆறிப்போகும்வரை சொல்வான்.

சுடவும் செய்தான், சுமாராக. ஆல்டர் ஃப்ளாட்ஸ் கிளப்பில் வியாழக்கிழமை பிஸ்டல் சுடும் பன்னிரண்டு பேரில் அவன் ஐந்தாவது, ஆறாவது. அதற்காக யாரும் அவனைக் கேலி செய்ததில்லை. அவனுக்கும் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை, மார்வா துப்பாக்கியைக் கையில் எடுக்கும்வரை.

மார்வா அவன் மனைவி. ஊர் கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறவள். கைக்குழந்தையின் கையில் நூல் மாதிரி ஓடும் நரம்பை ஒரே குத்தில் பிடிப்பாள், குழந்தை அழத் தொடங்கும்போது ஊசி வெளியே வந்திருக்கும். இருபத்தாறு வருடம் அவனோடு வாழ்ந்தும் அந்த அலமாரிப் பக்கம் அவள் போனதில்லை. வரச் சொன்னது அவன்தான். மார்ச் மாதம், வெளியே இன்னும் இடுப்பளவு பனி.

"வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போற? வா, சும்மா பாரு. அந்தப் பழைய பிஸ்டலை நாலு தடவை சுட்டுப் பாரு, பிடிக்கலைன்னா விட்டுடு."

அவள் அஞ்சு முறை சுட்டாள். இலக்கு அட்டை கம்பியில் ஓடி வந்தபோது ராய்ஸ் முதலில் நாலு தோட்டா வெளியே போய்விட்டது என்றே நினைத்தான். நடுவில் ஒரே ஓட்டைதான் இருந்தது, ஓரம் கிழிந்த மாதிரி. கிளப்பின் ஒரு மூலையில் தோட்டாக் கடையும் காபிக் கடையும் சேர்த்து நடத்தும் டாட்டி எட்டிப் பார்த்தாள். மார்வாவுக்கு அவள் இருபது வருடச் சிநேகிதி.

"அடியே, இத்தனை வருஷம் எங்கடி ஒளிச்சு வச்சிருந்த இந்தக் கையை?"

அன்று ராய்ஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த அட்டையைப் பட்டறைக்கு எடுத்துப்போய் எல்லாரிடமும் காட்டினான். மே மாதம் அவள் அவனை முந்தினாள். ஜூனில் கிளப்பின் மதிப்பெண் கரும்பலகையில் முதல் பெயர் அவளுடையது. அதன் பிறகு அவன் அட்டையை யாரிடமும் காட்டவில்லை. பட்டறையில் அவர்களே கேட்டார்கள்.

"என்ன ராய்ஸ், இந்த வாரமும் வீட்டம்மாகிட்ட அடி வாங்குனியா?"

"கறியில உப்பு கம்மின்னு சொல்லிடாதடா, குறி பார்த்துடப் போறா!"

சிரிப்பான். சிரித்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். அங்கே எண்ணெய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடுவான்: தான் பதினெட்டு வருடம் சுட்டிருக்கிறோம், அவள் பதினெட்டு வாரம்.

அந்த எரிச்சலுக்கு ஒரு முகமும் கிடைத்தது. எல்டன். ஆற்று மேட்டில் வாடகைக்குச் சின்ன விமானம் ஓட்டுகிறவன், மனைவியை இழந்தவன், ஐம்பத்தைந்து வயது. கிளப்பில் நெடுங்காலம் முதலிடம் அவனுடையது. மார்வா அதைப் பறித்தபோது அவன் தொப்பியைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "இனி நீயே வச்சுக்க" என்று சிரித்தான். எப்படி இந்த ஆளால் அப்படிச் சிரிக்க முடிகிறது என்று ராய்ஸுக்குப் புரியவில்லை. புரியாததால் வேறு காரணம் தேடினான்.

ராய்ஸ் தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பிஸ்டலை அவளுக்குக் கொடுத்துப் பார்த்தான். பிடி பெரிதாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் எல்டன் தன் நீளக்குழல் பிஸ்டலை ஒரு முறை சுடக் கொடுத்தான். "ஆ, இது கைக்குள்ள உக்காருது" என்றாள். அந்த ஒரு வாக்கியம் ராய்ஸின் காதில் ஒரு வாரம் நின்றது.

"எல்டன் என்ன சொல்லிட்டிருந்தான்?" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டான்.

"மூச்சைப் பத்தி. பாதி விட்டுட்டு நிறுத்தணுமாம்."

"ஒரு மணி நேரமா மூச்சைப் பத்தியா?"

"பத்து நிமிஷம் ராய்ஸ். நீ கடிகாரம் பார்த்துட்டு இருந்தியா?"

"இருந்த இடத்துல கடிகாரம் இருந்துச்சு, பார்த்தேன்."

மார்வா சால்மன் மீன் துண்டை அவன் தட்டில் வைத்துவிட்டு அவன் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.

ஆகஸ்டில் மூன்று ஊர் கிளப்புகள் சேர்ந்து நடத்தும் போட்டி. அதில் ஜெயிப்பவர் அக்டோபரில் ஃபேர்பேங்க்ஸில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். சாலை வழி எட்டு மணி நேரம்.

"ஜெயிச்சா சொல்லு, நான் பறந்து கொண்டுபோய் விடுறேன். ரெண்டு மணி நேரந்தான்" என்றான் எல்டன், ராய்ஸும் நிற்கும்போதே.

"ராய்ஸும் வருவானே."

"என் வண்டியில ரெண்டு சீட்டுதானம்மா. ராய்ஸ் இறக்கைல உக்காரணும்."

எல்லாரும் சிரித்தார்கள். மார்வாவும் சிரித்தாள்.

பாயிண்ட் டூ டூ பிஸ்டல் வாய்க்கு ருசி தெரிந்த குழந்தை மாதிரி. ஒரு வகைத் தோட்டாவைச் சமர்த்தாகச் சாப்பிடும், இன்னொன்றைத் துப்பும். மார்வா வசந்த காலத்தில் ஏழு வகை சுட்டுப் பார்த்து, தனக்கென்று வைத்துக்கொண்ட அந்தப் பழைய பிஸ்டலுக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்து, டாட்டியிடம் ஒரே தயாரிப்பில் பத்துப் பெட்டி வாங்கி வைத்திருந்தாள். விலை அதிகம். தோட்டாவின் தலையில் பளபளவென்று மெழுகு. "மெழுகு தடவின மிட்டாய்" என்று ராய்ஸ் அதைக் கிண்டல் செய்வான், தன் துப்பாக்கி எதிலும் போடமாட்டான். போட்டிக்கென்று ஒரு பெட்டியை அவள் தனியே எடுத்து, ஐம்பதையும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, திரும்பத் தட்டில் அடுக்கி, பெட்டிமேல் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டு வைத்தாள்.

போட்டிக்கு முந்தைய நாள் மத்தியானம் அவள் கிளினிக்கில் இருந்தாள். ராய்ஸ் வீட்டில் தனியாக இருந்தான். முதலில் பெட்டியைத் திறந்து பார்க்க மட்டும்தான் எடுத்தான், அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பிறகு அந்த ஐம்பதையும் ஒரு பழைய தேயிலை டப்பாவில் கொட்டினான். அதே கம்பெனியின் மெதுவான வகை ஒன்று அவனிடம் இருந்தது. கொட்டகையில் அணில் அடிக்கிற தோட்டா. சத்தம் குறைவு, வேகம் குறைவு, பிஸ்டலின் மேல்மூடியை முழுசாகப் பின்னால் தள்ளும் தெம்பு அதற்கு இல்லை, பிஸ்டல் பாதியில் சிக்கிக்கொள்ளும். அதை அவள் தட்டில் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தான். ஐம்பது முறை. ஒவ்வொரு முறையும் நிறுத்தியிருக்கலாம். தேயிலை டப்பாவை அடுத்த முறை ஆற்றுக்குப் போகும்போது தண்ணீரில் போட்டுவிடலாம் என்று படகில் இருக்கும் நனையாத பையில் திணித்தான்.

போட்டி அன்று காற்றில்லை, நல்ல வெளிச்சம். பென்சில் நட்சத்திரத்தை நம்பி மார்வா தோட்டாக்களைப் பார்க்காமலே மேகசின்களில் தள்ளினாள். முதல் சுற்று நிதானமாகச் சுடுவது. மார்வாவின் பிஸ்டல் இரண்டு முறை மக்கர் செய்தது. கையால் சரி செய்துகொண்டு தொண்ணூற்றைந்து எடுத்தாள். இரண்டாவது சுற்றில் இருபது வினாடிக்குள் அஞ்சு தோட்டா. மூன்றாவது சுட்டதும் காலித் தோட்டா வெளியே விழாமல் புகைபோக்கி மாதிரி மேலே நட்டுக்கொண்டு நின்றது. சட்டப்படி ஒரு முறை மறுபடி சுடவிட்டார்கள். அடுத்த அஞ்சிலும் அதே கதை, அதற்கு மன்னிப்பு இல்லை. இரண்டு தோட்டா சுடாமலே போயிற்று. எழுபத்து நாலு.

மார்வா பிஸ்டலை மேசையில் வைத்தாள். ராய்ஸ் பலகையில் அந்த எழுபத்து நாலைப் பார்த்தான். அவனுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக உட்கார்ந்தது. அந்த நிம்மதி அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. அவள் நேராக அவனிடம் வந்தாள்.

"ஸ்பிரிங் போயிடுச்சு போல. உன் ரெண்டாவது பிஸ்டல் எடுத்துட்டு வந்திருக்கல்ல? குடு."

அவன் பெட்டியில் இருந்தது. கை போகவில்லை. "அது... அதுல குறி கொஞ்சம் தள்ளி இருக்கு, நான் சரி பண்ணலை" என்றான்.

"இந்தா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்டன் தன் நீளக்குழல் பிஸ்டலை, தன் தோட்டா நிரப்பிய மேகசின்களோடு, நீட்டிக்கொண்டு நின்றான். "நான் அடுத்த வரிசைலதான் சுடணும். எடுத்துக்க."

ராய்ஸ் பார்த்துக்கொண்டே இருந்தான். தான் ஐம்பது தோட்டாவை மாற்றி வைத்து, அவளை எல்டனின் துப்பாக்கியிடமே அனுப்பி வைத்திருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் அதை எடுத்த எடுப்பில் கடைசிச் சுற்றில் தொண்ணூற்றாறு போட்டாள். கூட்டம் கை தட்டியது. எல்டன் கத்தி விசிலடித்தான்.

மொத்தம் இருநூற்று அறுபத்தைந்து. ராய்ஸுக்கு இருநூற்று அறுபத்தாறு. எல்டன் முதலிடம், பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் இரண்டாவது, ராய்ஸ் மூன்றாவது. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் சட்டையில் ஒரு ரிப்பன் குத்தினார்கள். மார்வாதான் குத்தினாள்.

"பதினெட்டு வருஷம் காத்திருந்த. நல்லா இருக்கு ராய்ஸ், நிஜமா" என்றாள்.

அன்று சாயங்காலம் மீதித் தோட்டாக்களை மேசையில் கொட்டிப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. மெழுகு இல்லை.

"இது என்னோடது இல்ல. வேற ஏதோ என் பெட்டிக்குள்ள இருக்கு."

"கடையிலயே கலந்திருக்கும்" என்றான் ராய்ஸ். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "டாட்டி சில்லறையா விக்கிறப்ப மாத்தி வச்சிருப்பா."

"நான் ஒவ்வொண்ணா உருட்டிப் பார்த்தேனே..."

"பத்துப் பெட்டில எதைப் பார்த்தியோ."

மறுநாள் மார்வா டாட்டியிடம் போனாள். என்ன பேச்சு நடந்ததோ, திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "என்னைத் திருடின்னு சொல்றியாங்கறா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த மூன்று வாரம் கிளப்புக்கும் போகவில்லை, டாட்டி கடைக்கும் போகவில்லை. ராய்ஸ் தனியாகப் போய்ச் சுட்டான். அவள் இல்லாததால் பலகையில் ஓர் இடம் முன்னேறினான். டாட்டி அவனுக்குக் காபி ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

செப்டம்பரில், குளிருக்கு முன் ஒரு முறை, இருவரும் படகில் ஆற்றுக்கு மேலே தங்கள் மரக்குடிசைக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் ஒரு வளைவில் தண்ணீர் வற்றியிருந்தது. ராய்ஸ் கவனிக்கவில்லை. படகின் விசிறி கல்லில் அடித்து இரண்டு இதழ் முறிந்தது. மாற்று விசிறி வீட்டில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. போன் எடுக்காத இடம். கூழாங்கல் திட்டில் கூடாரம் போட்டு, யாராவது படகில் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சாப்பாடெல்லாம் குடிசையில். கையில் இருந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அன்றோடு தீர்ந்தன.

மறுநாள் காலையில் காட்டுக்கோழிகள் வந்தன. செப்டம்பரில் இரைப்பைக்குக் கல் பொறுக்க அவை ஆற்றோரம் இறங்கும். ஆளைப் பார்த்தால் பறக்கத் தெரியாத சாது. முட்டாள் கோழி என்றுதான் அங்கே சொல்வார்கள்.

"பொறு" என்றான் ராய்ஸ், ரகசியமாக. பையிலிருந்து அவசரத்துக்கென்று படகில் வைத்திருந்த குட்டி ரைபிளை எடுத்தான். பார்த்தால் பிளாஸ்டிக் கட்டை மட்டும்தான், முழங்கை நீளம். பின்மூடியைக் கழற்றினால் குழலும் மற்ற பாகங்களும் உள்ளேயே இருக்கும். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். அதை வாங்கியபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு நிமிடத்தில் பூட்டினான். மேகசினில் எட்டுத் தோட்டா.

முதல் தோட்டா கோழிக்கு முன்னால் கல்லைத் தெறிக்கவிட்டது. கோழி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டு அடி நகர்ந்தது. இரண்டாவது மேலே போயிற்று. மூன்றாவது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மார்வா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் அவன் இன்னும் அவசரமாகச் சுட்டான். எட்டும் தீர்ந்தன.

"கோழிக்கே உன்மேல பரிதாபம் வந்துடுச்சு" என்றாள். அவள் குரலில் மூன்று வாரம் கழித்துச் சிரிப்பு இருந்தது. "குடு, நான் பாக்கறேன்."

"தோட்டா தீந்துடுச்சு."

"பையில இருக்குமே."

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. "வேணாம் மார்வா, விடு, நான்..." என்று எழுந்தான். அதற்குள் அவள் கையை விட்டுத் துழாவித் தேயிலை டப்பாவை வெளியே எடுத்து, குலுக்கி, மூடியைத் திறந்துவிட்டாள்.

காலை வெயிலில் மெழுகு மினுங்கியது.

அவள் கூழாங்கல்மேல் துண்டை விரித்து எல்லாவற்றையும் கொட்டினாள். ஐந்தைந்தாக எண்ணினாள். அவசரமே படவில்லை. ஐம்பது.

"நீ இதைப் போடறதே இல்லையே ராய்ஸ்."

அவன் ஆற்றைப் பார்த்தான்.

"சொல்லு."

"நான்தான் மாத்துனேன். முந்தின நாளு. நீ வேலைக்குப் போயிருந்தப்ப."

மார்வா அதில் ஒன்றை எடுத்து ரைபிளில் போட்டாள். அந்தத் தோட்டாவுக்கு இந்த ரைபிள் தானாக அடுத்ததை ஏற்றாது, ஒவ்வொன்றாகக் கையால்தான் இழுக்க வேண்டும். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தாள். பாதி மூச்சு விட்டாள். ஒரு சத்தம், கோழி இருந்த இடத்திலேயே சாய்ந்தது. கையால் இழுத்து இன்னொன்றைப் போட்டாள். இரண்டாவது கோழியும் சாய்ந்தது. ரைபிளைக் கழற்றிக் கட்டைக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. எல்டனை நினைச்சு செஞ்சியா, பாயிண்டை நினைச்சு செஞ்சியா?"

"ரெண்டுந்தான்."

"முதல்ல எது?"

ஒரு கூழாங்கல்லை ஆற்றில் எறிந்துவிட்டு, "பாயிண்ட்" என்றான்.

அவள் சிரித்தாள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "இன்னொருத்தன்கூட ஓடிப்போயிடுவேன்னு பயந்து செஞ்சிருந்தாகூட கொஞ்சம் மன்னிச்சிருப்பேன்டா. அதுல நானாவது இருந்திருப்பேன். நீ பலகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்க."

"மார்வா..."

"ரிப்பனை என் கையால குத்தவிட்டியே. டாட்டியைத் திருடின்னு சொல்லவிட்டியே. வாயை மூடிட்டு அந்த இறகைப் பிய்."

அவன் பிய்த்தான். இருவரும் கோழியைக் குச்சியில் செருகிச் சுட்டுத் தின்றார்கள். உப்பு இல்லை. மத்தியானம் மூஸ் வேட்டை முடித்துக் கீழே வந்த இரண்டு பேர் அவர்கள் படகைக் கட்டி இழுத்துப்போனார்கள். அவர்களோடு மார்வா ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தாள். ராய்ஸோடு பேசவில்லை. வீட்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"வியாழக்கிழமை. எல்லாரும் இருக்கறப்ப. நீயே சொல்லணும்."

சொன்னான். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, ரிப்பனை மேசையில் வைத்து, நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தான். யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை என்றிருந்தது.

டாட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள். "மூணு வாரமா எனக்குக் காபி ருசியே தெரியலடா பாவி. நீ என் கடையில வந்து உக்காந்து அதையே குடிச்சிட்டுப் போன." பிறகு மேசையைச் சுற்றி வந்து மார்வாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

எல்டன் ரிப்பனை எடுத்து இரண்டு விரலால் சுருட்டினான். "உனக்கு நான் என்ன பண்ணேன் ராய்ஸ்?" என்று கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. ஃபேர்பேங்க்ஸ் போட்டிக்குத் தன் இடத்தை மார்வாவுக்குக் கொடுப்பதாக எல்டன் சொன்னான். அவள் வேண்டாம் என்றாள். அடுத்த வருடம் நானே ஜெயித்துப் போகிறேன் என்றாள்.

அடுத்த வசந்தம்வரை ராய்ஸ் சுடக் கூடாது என்று கிளப்பில் முடிவானது. வர வேண்டுமானால் வரலாம், அட்டைகளைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலையைச் செய்யலாம். அதைச் சொன்னது மார்வாதான். அதற்கு இரண்டு பேர் ஆட்சேபித்தார்கள். "இருக்கட்டும், அவன் கண்ணு நல்லா இருக்கும்" என்றாள். வீட்டில் அவள் நவம்பர்வரை, வெளியூர் போய்விட்ட மகளின் பழைய அறையில் படுத்தாள்.

டிசம்பரில் ஒரு வியாழன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி. மார்வாவின் அட்டை கம்பியில் ஓடி வந்து ராய்ஸின் விளக்கடியில் நின்றது. ஒன்பது ஓட்டைகளில் பிரச்சினை இல்லை. பத்தாவது, நடு வட்டத்தின் கோட்டை ஒட்டி. வெறும் கண்ணுக்கு வெளியே என்றும் சொல்லலாம், உள்ளே என்றும் சொல்லலாம். யாரும் அவன் பக்கம் பார்க்கவில்லை. அவனுக்குள் அந்தப் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது, ஒரு துளி குறையவில்லை. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அளவு பார்க்கும் பித்தளைக் குச்சியை ஓட்டைக்குள் விட்டு, லென்ஸை வைத்துக் குனிந்தான்.

"எவ்வளவு?" மார்வா கையுறையை மாட்டிக்கொண்டே வந்து நின்றாள்.

"தொண்ணூத்தெட்டு."

"ஓரத்துல இருக்கற அது?"

"கோட்டைத் தொட்டிருக்கு. தொட்டாலே பத்துதான்."

அவளும் லென்ஸில் ஒரு முறை குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அவன் தொண்ணூற்றெட்டு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அடுத்த அட்டைக்குக் கையை நீட்டினான்.